ராகு காலத்துச் செயற்கைக்கோள்

"ஒரு முக்கால் மணி நேரம் தள்ளி வரச் சொல்லும்மா" என்றார் தாளாளர் துரைராஜ்.

தேவதர்ஷினிக்கு ஒரு வழக்கம். ஒரு மடத்தனம் வந்து விழுந்தால் அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்து எடை பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தருவாள்.

"எதை சார்?"

"உன் சாட்டிலைட்டத்தான். சனிக்கிழமை ஒம்போதுலேர்ந்து பத்தரை ராகு காலம். அது ஒம்போது அம்பத்திரண்டுக்கு தலைக்கு மேல வருதுன்னு உங்க ஹெச்.ஓ.டி. பட்டாபி சொல்றாரு. ராகு காலத்துல ஒரு நல்ல காரியம் ஆரம்பிக்க முடியுமா? பேசிப் பாரு."

"யார்கிட்ட?"

"யாரு வுட்டாங்களோ அவங்ககிட்ட."

பெருங்களத்தூரைத் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி நிற்கிறது தாயாரம்மாள் பொறியியல் கல்லூரி. துரைராஜின் அப்பா அங்கே நெல் போட்டார். மகன் கல்லூரி போட்டு, அதற்குத் தன் அம்மாவின் பெயரை வைத்தார். மழைக்காலத்தில் தண்ணீர் அன்றும் நின்றது, இன்றும் நிற்கிறது. பக்கத்துக் கல்லூரி எது வாங்கினாலும் அதில் ஒன்று தனக்கும் வேண்டும் என்பது துரைராஜின் கல்விக் கொள்கை. அப்படித்தான் போன பிப்ரவரியில் மொட்டை மாடிக்கு ஒரு டிஷ் ஆன்டெனாவும், அதைத் திருப்ப ஒரு மோட்டாரும், இரண்டையும் கட்டி மேய்க்க ஒரு கணினியும் வந்து சேர்ந்தன. வானிலைச் செயற்கைக்கோள் தலைக்கு மேலே போகும்போது அதன் பின்னாலேயே டிஷ் திரும்பி, அது அனுப்பும் மேகப் படத்தை வாங்க வேண்டும். அந்த நிலையத்துக்குப் பொறுப்பு தேவதர்ஷினி.

"சார், அது எண்ணூறு கிலோமீட்டர் உயரத்துல துருவத்துக்குத் துருவம் ஓடிக்கிட்டே இருக்கு. பூமியை ஒரு சுத்து சுத்த நூத்தியோரு நிமிஷம். ஐரோப்பாக்காரங்களோடது. நாம கை காட்டினா நிக்க, அது பெருங்களத்தூர் பஸ் இல்ல."

"பெருங்களத்தூர்ல எந்த பஸ்ஸும்மா கை காட்டினா நிக்குது?"

தேவதர்ஷினி எரிச்சலை விழுங்கிக்கொண்டு சொன்னாள்: "அதே மாதிரி இன்னொண்ணு பின்னாலயே வருது. இது போய் அம்பது நிமிஷத்துல அது. நடுவுல பூமி அடியில உருண்டுடறதால, அது தலைக்கு மேல வராது. மேற்கால, கொஞ்சம் தாழ்வாப் போகும். பத்து முப்பத்தாறுக்கு ஏறி பத்து நாப்பத்தெட்டுக்கு இறங்கிடும்."

"பத்து முப்பத்தாறா? பலே. அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" துரைராஜ் நாட்காட்டியில் வட்டம் போட்டார். "பத்து முப்பத்தொண்ணுக்கு விளக்கு. முப்பத்தாறுக்குப் படம். கீழ ஆடிட்டோரியத்துல முந்நூறு பேரண்ட்ஸ் உக்காந்திருப்பாங்க. பிளஸ் டூ ரிசல்ட் வந்த சூடு. படம் வரும்ல?"

"வரும் சார்."

"வரலைன்னா திங்கக்கிழமைலேர்ந்து நீ அட்மிஷன் செல்லுக்கு வந்துடு. மாடி ரூமை ஜிம்முக்குக் குடுத்துடறேன். அதுக்காவது பசங்க சேருவானுங்க."

ஒன்பது நாளாகப் படம் வரவில்லை என்பது துரைராஜுக்குத் தெரியாது.

அட்மிஷன் செல் என்பது தரைத்தளத்தில் ஒரு நீண்ட அறை. அங்கே பதினான்கு விரிவுரையாளர்கள் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீடுகளுக்குக் காலை முதல் மாலை வரை போன் போடுவார்கள். "வணக்கம்மா, தாயாரம்மாள் காலேஜ்லேர்ந்து பேசறோம், தம்பி கட்-ஆஃப் எவ்ளோம்மா?" என்று கேட்பவர் முனைவர் பட்டம் வாங்கியவர். "வேற வேலை இல்லியாய்யா ஒங்களுக்கு?" என்று வைப்பவர் ஆவடியில் டிபன் கடை வைத்திருப்பவர். தேவதர்ஷினி தினமும் அந்தக் கதவைக் கடக்கும்போது மூக்கைச் சுளித்துக்கொள்வாள். சேர்க்கைக் காலத்தில் அந்த அறைக்குள் உட்காராமல் தப்பித்த ஒரே ஆள் அவள்தான். செயற்கைக்கோள் வந்துகொண்டே இருக்கும், ஆள் மேலேயே இருக்க வேண்டும் என்று சொல்லித் தப்பித்திருந்தாள். உண்மையில் அவளுக்கு அந்த வேலை பிடித்தும் இருந்தது. தினமும் காலையில் சுற்றுப்பாதைக் கணக்கைப் புதிதாக இணையத்திலிருந்து இறக்குவாள். இரண்டே வரி எண்கள். அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒன்று எந்த நொடியில் எந்தத் திசையில் எழும் என்று சொல்ல முடிகிறதே, இந்தக் கல்லூரியில் வேறு யாராவது எதையாவது நொடி பிசகாமல் சொல்வார்களா?

விற்ற கம்பெனி ஆளே வந்து டிஷ்ஷை நட்டுவிட்டுப் போனதில், இரண்டு மாதத்துக்கு மேல் படம் ஜோராக வந்தது. கெடுத்தது வாஸ்து.

போன ஆண்டு சேர்க்கை குறைந்ததற்குக் காரணம் கண்டுபிடிக்க பாலகுரு என்ற வாஸ்து நிபுணரைத் துரைராஜ் கூட்டி வந்தார். பாலகுரு மாடியைச் சுற்றி வந்து, "ஈசானிய மூலையில பாரம் இருக்கு சார். உயரமும் இருக்கு. எப்படி சார் விளங்கும்?" என்று டிஷ்ஷைக் காட்டினார். டிஷ் வந்தது பிப்ரவரியில், சேர்க்கை குறைந்தது அதற்கு முந்தைய ஜூனில். இந்தச் சின்னக் கணக்கைக் கேட்க அங்கே யாரும் இல்லை. "கன்னி மூலைக்கு மாத்துங்க" என்று உத்தரவாயிற்று.

போன வாரம் செவ்வாய்க்கிழமை, உச்சி வெயிலில், டிஷ்ஷை வடகிழக்கு மூலையிலிருந்து கழற்றித் தென்மேற்கு மூலையில் நட்டார்கள். பாலகுரு ஒரு பித்தளைத் திசைகாட்டியைத் தரையில் வைத்து, உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து, மஞ்சள் பெயிண்டால் மொட்டை மாடி முழுக்கக் கோடு இழுத்தார். தேவதர்ஷினி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். டிஷ்ஷுக்கு வடக்கைக் காட்டி நட்டை இறுக்கும் வேலையை மட்டும் அவள் வேறு யாருக்கும் விடவில்லை. மற்ற திசையை எல்லாம் மோட்டார் அந்த வடக்கிலிருந்துதான் எண்ணும். ஐந்தே நிமிடத்தில் அதை முடித்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டாள்.

மறுநாளிலிருந்து படம் இல்லை. வெறும் இரைச்சல். எப்போதாவது செயற்கைக்கோள் சரியாக உச்சிக்கு வரும்போது மட்டும் அரை நிமிடம் ஒரு கீற்றுப் படம் வரும், உடனே அறுந்துவிடும்.

காரணம் அவளுக்கு அன்றே தெரிந்துவிட்டது. லேப் அட்டெண்டர் உதயா. டிஷ்ஷை மாற்றும்போது கேபிளை வெட்டி நீளம் சேர்த்தவர் அவர்தான். நாற்பத்தைந்து வயது, கோவளத்துப் பக்கம் மீனவக் குடும்பம், மனைவி குரோம்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்கிறார். ஐ.டி.ஐ.கூடப் படிக்காத ஆள் போட்ட இணைப்பு எப்படி இருக்கும்? துறைத் தலைவர் பட்டாபிராமனுக்கு அவள் ஒரு கடிதம் எழுதினாள். உதயாவுக்கு மெமோ வந்தது. உதயா கேபிளை மூன்று தரம் பிரித்து மூன்று தரம் சேர்த்தார். படம் வரவில்லை.

"எதுக்கும்மா டென்ஷன்?" என்றார் பட்டாபிராமன். அவருக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. அந்த எட்டு மாதத்தில் எதுவும் நடக்கக் கூடாது என்பதே அவர் பிரார்த்தனை. "நெட்ல ஆயிரம் படம் இருக்கு. கலரா ஒண்ணு இறக்கி பென் டிரைவ்ல வெச்சுக்கறேன். வந்தா வரட்டும், வராட்டா இதைப் போட்டுடலாம். எந்தப் பேரண்டுக்கு என்ன தெரியப் போறது?"

"அது ஃபிராடு சார்."

"டெமான்ஸ்ட்ரேஷன்னு சொல்லணும்மா."

சனிக்கிழமை காலை அஸ்தினாபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வரும்போதே அவளுக்கு மனதுக்குள் எல்லோர் மேலும் கோபம். ராகு காலம் பார்க்கும் தாளாளர், பென் டிரைவ் வைத்திருக்கும் தலைவர், மஞ்சள் பெயிண்ட் அடிக்கும் பாலகுரு, கேபிளைக் கெடுத்த உதயா. இத்தனை பேருக்கு நடுவே ஒருத்தி அறிவியலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது!

ஒன்பது ஐம்பத்திரண்டு. இரண்டு செயற்கைக்கோள்களில் முன்னால் வரும் அக்காக்காரி உச்சிக்கு வந்தாள். கீழே ஆடிட்டோரியத்தில் ராகு காலம் என்பதால் ஒருவரும் மேடை ஏறவில்லை, மைக்கைக்கூடத் தொடவில்லை. மேலே கணினித் திரையில் ஆறு நிமிடம் இரைச்சல், நாற்பது நொடி படம், மறுபடி ஆறு நிமிடம் இரைச்சல்.

"போச்சு" என்றாள். "கேபிள்தான். சொன்னா கேட்டாத்தானே."

உதயா மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டிருந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. கேபிள் பேஜாருன்னா மொத்தமா பேஜாரு. அது இன்னாத்துக்கு உச்சில மட்டும் நல்லாகீது? கேபிளுக்கு மேல கீழ தெரியுமா?"

"தெரியாத விஷயத்துல தலையிடாதீங்க உதயா."

"தெரியாமத்தான் கேக்கறேன். தெரிஞ்சவங்க நீங்கதான சொல்லணும்."

அவள் மறுபடி கேபிள் முனையைப் பிடித்துப் பார்த்தாள். தனக்கும் பதில் தெரியாது என்பதை அவள் தனக்கே ஒத்துக்கொள்ளவில்லை.

பத்து மணி பத்து நிமிடத்துக்கு, எலுமிச்சம்பழம் கட்டிய கயிறும் குங்குமமும் எடுத்துக்கொண்டு பாலகுரு மாடிக்கு வந்தார். வேலை இல்லாத நேரத்தில் டிஷ் தன் வடக்கைப் பார்த்தபடி நிற்கும். பாலகுரு அதைச் சுற்றி வந்து, இடுப்பில் கை வைத்து நின்றார்.

"ஏம்மா, இது ஏன் ஈசானியத்தைப் பாத்து நிக்குது?"

"அது வடக்கைப் பாத்து நிக்குது சார்."

"வடக்கு இங்க இருக்கு." தரையில் மஞ்சள் கோட்டைச் செருப்பால் தட்டினார். "கோடு போட்டிருக்கேனே, பாக்கலியா?"

"உங்க கோடு வாஸ்துவுக்கு. இது சயின்ஸ்."

"சயின்ஸுக்கு வடக்கு வேற பக்கம் இருக்குமா?"

உதயா சிரித்தார். தேவதர்ஷினி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சின்னக் குழந்தைக்குச் சொல்வது போல் விரலை நீட்டினாள்.

"தாம்பரம் எந்தப் பக்கம்?"

"அதோ."

"டிஷ் எந்தப் பக்கம் பாக்குது?"

"அதே பக்கம்தான்."

"முடிஞ்சுதா? தாம்பரம் வடக்கு, செங்கல்பட்டு தெற்கு. இங்க பொறந்து வளர்ந்தவ நான். எனக்கு நீங்க திசை சொல்லித் தர வேணாம்."

பாலகுரு எலுமிச்சைக் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"தாம்பரம் வடக்கா! இந்த ரோட்டோரம் பாதிப் பேருக்கு இதே வியாதிம்மா. ஜி.எஸ்.டி. ரோடு மெட்ராஸுக்குப் போகுது, மெட்ராஸ் வடக்க இருக்கு, அதனால ரோடு நேரா வடக்க போகுதுன்னு நெனைச்சுக்கறாங்க. அப்படி நெனைச்சே வீட்டைக் கட்டிட்டு, அப்புறம் பூஜை ரூம் எந்த மூலையில இருக்குன்னு தெரியாம என்கிட்ட வந்து அழறாங்க. இந்த எடத்துல ரோடு கோணலும்மா. இங்கேர்ந்து தாம்பரம் ஈசானியம். வடகிழக்கு."

இந்த ஆளை ஒரே அடியில் வீழ்த்திவிட வேண்டும் என்று தேவதர்ஷினி போனை எடுத்தாள். திசைகாட்டியைத் திறந்து, தாம்பரம் பக்கம் நீட்டி, அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"படிங்க, என்ன போட்டிருக்கு?"

பாலகுரு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"நாப்பத்தாறு டிகிரி. வடகிழக்கு."

அவள் போனைத் தன் பக்கம் திருப்பினாள். உதறினாள். எட்டுப் போட்டுச் சுழற்றினாள். மறுபடி நீட்டினாள். நாற்பத்தைந்து. வடகிழக்கு.

தினமும் காலையில் தெற்கே போவதாக நினைத்துக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டியிருக்கிறாள். தெற்கே போகிறவளுக்குக் காலை வெயில் இடது தோளில் அடிக்க வேண்டும். இத்தனை ஆண்டுகளும் அது முதுகில் அடித்தது. ஒரு நாளாவது ஏன் என்று கேட்டாளா? டிஷ்ஷை நட்ட அன்று உச்சி வெயில், நிழலெல்லாம் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. அதுவும் காட்டிக்கொடுக்கவில்லை.

உதயா கேட்ட கேள்விக்கும் இப்போது பதில் தெரிந்தது. வடக்கைத் தப்பாக வைத்தால் வடக்கு, மேற்கு, தெற்கு எல்லாமே தப்பாகும். தலைக்கு நேர் மேலே பார்க்கும்போது மட்டும் தப்பாகாது. ஏனென்றால் உச்சிக்குத் திசை கிடையாது.

கேபிளில் ஒரு குறையும் இல்லை. குறை அவள் தலைக்குள் இருந்தது. பதினோரு நாளாக.

மணி பத்து இருபத்தொன்று.

"உதயாண்ணா! ஸ்பேனர்!"

உதயா நகரவில்லை. "இன்னா மேடம், இன்னிக்கு அண்ணான்ற? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"கேபிள் நல்லாத்தான் இருக்கு. வடக்குதான் தப்பு. நான் வெச்ச வடக்கு."

"அத்த எழுதிக் குடு. மெமோ எழுத்துலதான வந்துச்சு? வாயால வர்லியே."

"இப்பவா? பதினஞ்சு நிமிஷம்தான் இருக்கு!"

"எனக்கு ரெண்டு நிமிஷம் போதும் மேடம். எழுதுங்க."

அவள் விழா அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதினாள். 'உதயா சேர்த்த கேபிளில் குறை இல்லை. திசையைத் தவறாக வைத்தது நான்.' கையெழுத்துப் போட்டாள். உதயா அதை எழுத்துக்கூட்டிப் படித்து, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் ஸ்பேனரைத் தேடப் போனார்.

மூன்று நட்டுகள். துருப்பிடிக்க ஆரம்பித்திருந்தன. உதயா இளக்கினார், தேவதர்ஷினி கம்பத்தைக் கட்டிப் பிடித்துத் திருப்பினாள், பாலகுரு மஞ்சள் கோட்டின் முனையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம். இன்னும். ஐயோ, ஜாஸ்தி. திருப்பு, திருப்பு. ஒரு நூல். நில்லு!"

பெயிண்டைப் பார்த்துச் செயற்கைக்கோள் பிடிக்கும் நிலை தனக்கு வரும் என்று யாராவது முன்தினம் சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள். இப்போது சிரிக்க நேரமில்லை. பத்து முப்பத்துநான்குக்கு நட்டு இறுகியது. கீழே நாதஸ்வர ஒலிப்பதிவு ஓடி முடிந்து, விளக்கேற்றிக் கைதட்டுவது கேட்டது.

பத்து முப்பத்தாறு. டிஷ் ஒரு முனகலோடு மேற்குப் பக்கம் திரும்பியது. வடமேற்கு அடிவானத்தில் கண்ணுக்குத் தெரியாமல் தங்கைக்காரி ஏறினாள். திரையில் இரைச்சல் இருந்தது. இரைச்சலுக்கு நடுவே ஒரு மேடு எழுந்தது. சிக்னல் பிடித்து, மேடு ஊசியானது.

பிறகு படம் இறங்க ஆரம்பித்தது. மேலிருந்து கீழே, கோடு கோடாக, வீட்டில் பாய் விரிப்பது போல. பஞ்சாப். ராஜஸ்தானின் வெளுத்த மணல். குஜராத்தின் திறந்த வாய். அரபிக் கடல், அதன் மேல் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை மேல் மட்டும் கொஞ்சம் பஞ்சு. படத்தின் வலது ஓரத்தில், கோணலாகச் சாய்ந்து, சென்னைக் கடற்கரை. சாம்பல் நிறம்தான், அழகில்லைதான். ஆனால் அந்த நிமிடத்து வானம்.

"இதுதான் நம்ம ஊரா?" என்றார் உதயா.

"ஆமா."

"மேல ஒண்ணுமே இல்ல. மீன் புடிக்கப் போவலாம்."

அவள் படத்தைத் தன் மடிக்கணினிக்கு மாற்றி, அதைத் தூக்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாகக் கீழே ஓடினாள். துரைராஜ் முகத்துக்கு நேரே இதைக் காட்டி, சார், திங்கட்கிழமை நான் எங்கே உட்கார வேண்டும் என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஆடிட்டோரியத்தின் கதவைத் திறந்தாள். திரையில் புயல்.

வங்கக் கடலில் அல்ல. சென்னை மேலேயே. வெள்ளை வெளேரென்று, நடுவில் கறுப்புக் கண்ணோடு, கலரில், அசைந்து அசைந்து சுழன்றது. மூலையில் சிவப்பு எழுத்தில் 'நேரலை'. பட்டாபிராமன் பத்து முப்பத்தாறு வரை காத்திருந்து, மாடியிலிருந்து ஒன்றும் வராததால் பத்து முப்பத்தேழுக்குப் பென் டிரைவைச் செருகிவிட்டார். வெறும் வானத்தைவிடப் புயல் எடுப்பாக இருக்கும் என்று, இணையத்தில் கிடைத்ததிலேயே பெரிய புயலாகப் பார்த்து இறக்கியிருந்தார்.

முதலில் கைதட்டினார்களாம். பிறகுதான் யாரோ அது எந்த ஊர் மேலே நிற்கிறது என்று பார்த்திருக்கிறார்கள்.

"ஏங்க, அது நம்ம மேலதான உக்காந்துகினு கீது?"

"நேரலைன்னு போட்டுகீது பாரு. இப்பதான் நடக்குது."

"எங்க வூடு முடிச்சூருங்க! போன தரம் ஃபிரிட்ஜு மெதந்துச்சு. எந்திரி, எந்திரி!"

"தண்ணி வர்றதுக்குள்ள காரை மேம்பாலத்துல ஏத்தணும். இப்பவே போனாத்தான் எடம் கெடைக்கும். சாவி எங்க?"

நாற்காலிகள் கிறீச்சிட்டன. முந்நூறு பெற்றோரில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். ஒரு அம்மா பையனின் மதிப்பெண் பட்டியலைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக்கொண்டிருந்தார். மே மாதம், வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். ஒருத்தராவது ஜன்னல் வழியாக வானத்தைப் பார்க்க வேண்டுமே! பார்க்கவில்லை. திரை சொன்னால் போதும். பட்டாபிராமன் மேடையில் பென் டிரைவைப் பிடுங்குவதா வேண்டாமா என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

துரைராஜ் அவள் கையைப் பிடிக்காத குறையாக மேடைப் படிக்கு இழுத்து வந்தார்.

"போயி சமாளிம்மா. அது பயிற்சிக்குன்னு சொல்லு, டெமோன்னு சொல்லு, எதுனா சொல்லு."

"சார், நிஜப் படம் வந்துடுச்சு. இதோ. இப்பதான் எடுத்தது. வானம் சுத்தமா இருக்கு."

துரைராஜ் மடிக்கணினியை அரை நொடி பார்த்தார். "வந்துடுச்சா? நல்லதாப் போச்சு. அதையும் காட்டிப் பேசு. நல்லா பேசினேன்னு வெச்சுக்க, திங்கக்கிழமைலேர்ந்து அட்மிஷன் செல்லுக்கே நீதான் தலைவி. பதினாலு பேரும் உன் கீழ."

"மேல ஸ்டேஷன்?"

"அதான் படம் வந்துடுச்சே. இன்னும் எதுக்கு?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைக்கிறார். பதினைந்து லட்சம் போட்டு ஒரு பொருளை வாங்கி, அது ஒரு தரம் வேலை செய்தால் தீர்ந்தது. படம் வராவிட்டாலும் அட்மிஷன் செல். வந்தாலும் அட்மிஷன் செல். நன்றாகப் பொய் சொன்னால் அதற்குத் தலைவி.

மைக்கை எடுத்தாள். என்ன பேசினால் இந்த மனிதர் தன்னை ஆயுளுக்கும் பெற்றோர் பக்கம் அண்டவிட மாட்டார் என்று அந்தப் படிக்கட்டு ஏறும் நேரத்துக்குள் அவளுக்குத் தெளிவாகிவிட்டது.

"எல்லாரும் உக்காருங்க. புயல் இல்ல."

"திரையில கீதே!" என்றது ஒரு குரல்.

"அது பழைய படம். இன்டர்நெட்டுலேர்ந்து எடுத்து, நேரலைன்னு எழுதிப் போட்டது. எழுதினவர் அதோ நிக்கறார்." பட்டாபிராமன் திரைச்சீலைக்குப் பின்னால் போனார். "நிஜப் படம் இது. நாலு நிமிஷத்துக்கு முன்னால, இந்தக் கட்டடத்து மாடியில பிடிச்சது. பார்க்க நல்லா இருக்காது. ஆனா நெஜம்."

மடிக்கணினியைத் திரையோடு இணைத்தாள். சாம்பல் நிறத்தில், கோணலாக, வெறும் வானம் விரிந்தது.

"இதை நாங்க எப்படி நம்பறது?" முடிச்சூர்க்காரர் இன்னும் உட்காரவில்லை. "இப்பதான ஒண்ணு ஏமாத்தினீங்க?"

"நியாயமான கேள்வி. பதினோரு நாளா எங்களுக்குப் படமே வரல. அதையும் உங்ககிட்ட மறைச்சுட்டோம். நான் தாளாளர்கிட்டயே மறைச்சேன். ஏன் வரலைன்னா, இதுக்குப் பொறுப்பான ஆளுக்கு வடக்கு எந்தப் பக்கம்னு தெரியாது. தாம்பரம் வடக்குன்னு நெனைச்சு டிஷ்ஷைத் திருப்பி வெச்சுட்டு, பாவம், கேபிள் போட்ட மனுஷன் மேல புகார் எழுதிக் குடுத்தா. அந்த ஆள் நான்தான். எம்.ஈ. முதல் வகுப்பு. இந்தக் காலேஜ்ல வடக்கு தெரிஞ்ச ஒரே ஆள் வாஸ்து பாக்க வந்தவர்."

பிறகு பின்வரிசையில் யாரோ வெடித்துச் சிரித்தார்கள்.

"மச்சான், தாம்பரம் வடக்கு இல்லியா?"

"எனக்கும் வடக்குன்னுதான்டா தெரியும்!"

சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. முடிச்சூர்க்காரர் சாவியைப் பைக்குள் போட்டார். தன் முட்டாள்தனத்தை மைக்கில் சொல்கிறவள் வானத்தைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டாள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பையனின் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"வேற எதுனா கேக்கணுமா?" என்றாள் தேவதர்ஷினி. "ஹாஸ்டல் சாப்பாடு, பிளேஸ்மென்ட் கணக்கு, எதுவா இருந்தாலும் கேளுங்க. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் உள்ளபடி சொல்றேன்."

முன்வரிசையில் ஏழெட்டுக் கைகள் உயர்ந்தன.

துரைராஜ் அவ்வளவு வேகமாக ஓடி யாரும் பார்த்ததில்லை. மைக்கைப் பிடுங்கி அணைத்துவிட்டு, பெற்றோரைப் பார்த்து இளித்துக்கொண்டே, உதட்டை அசைக்காமல் சொன்னார்:

"நீ மேலயே இரும்மா. அந்த சாட்டிலைட்டையே கட்டிக்கினு அழு. அட்மிஷன் முடியற வரைக்கும் கீழ எறங்காத."

"ஜிம் சார்?"

"ஜிம்மும் வேணாம், ஒண்ணும் வேணாம். போ!"

திங்கட்கிழமை காலை அட்மிஷன் செல்லின் தலைவராகப் பட்டாபிராமன் ஹெட்செட் மாட்டிக்கொண்டார். அந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆளைக் கல்லூரி முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டின் கீழே, தாளாளர் கையெழுத்தோடு, புதுப் பலகை ஒன்று தொங்கியது. 'பெற்றோருக்கு அனுமதி இல்லை.'

உதயா அதன் ஆணியை இன்னும் இரண்டு அடி அடித்து இறுக்கினார்.